பஸ் மாறுகிற ஊர்

முதல் நாள், சனிக்கிழமை

இருபது வருடத்துக்கு மேலாக தர்மபுரி எனக்கு பஸ் மாறுகிற ஊர். வேலை கோயம்புத்தூரில், சொந்த ஊர் போச்சம்பள்ளிப் பக்கம். சேலம் வந்து, தர்மபுரியில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைத் தேடி ஓடினால் முடிந்தது. ஸ்டாண்டுக்கு வெளியே நான் பார்த்த தர்மபுரி ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு செருப்புக் கடை. அதைத் தாண்டிப் போக வேண்டிய அவசியம் வந்ததே இல்லை.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் சனி, ஞாயிறில் பழைய ஊரைச் சுற்றி நடத்திக் காட்டுகிறார் என்று கூட வேலை செய்யும் பெண் சொன்னாள். காசு கிடையாது, தண்ணீர் பாட்டில் மட்டும் கொண்டு வந்தால் போதுமாம். சரி, ஊருக்குப் போகிற வழிதானே என்று வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்து ஒரு லாட்ஜில் தங்கினேன். ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. மாசி மாதத்திலேயே இந்தப் புழுக்கம்.

காலை ஆறரை மணிக்குக் கோட்டைக் கோயில் முன்னால் பதினோரு பேர் சேர்ந்தோம். ஓசூரிலிருந்து ஒரு குடும்பம் எட்டு வயதுப் பையனோடு வந்திருந்தது. கல்லூரிப் பெண்கள் மூன்று பேர். உரக்கடை வைத்திருக்கும் ஒருவர் தூக்கம் கலையாத முகத்தோடு நின்றார். மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பழைய செய்தித்தாளோடு வந்தார். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை:

“கோட்டையக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்திருக்கேன். கோட்டை இல்ல. இப்பவே சொல்லிடறேன்.”

உண்மைதான். கோட்டை என்பது இங்கே பேரில்தான் இருக்கிறது. இதுதான் மதில் என்று கைகாட்ட எதுவும் மிச்சமில்லை. கோயில்கள் இருக்கின்றன, சுற்றி வீடுகள், கோலம் போட்ட வாசல்கள், சைடு ஸ்டாண்ட் போட்ட பைக்குகள். ஆனால் இந்த இடத்துக்குப் பெயரே வேறாக இருந்தது. தகடூர். தகடு என்றால் உலோகத் தகடு, இரும்பு உருக்கிய ஊர், அதனால் தகடூர் என்று சொல்வார்கள். வாத்தியார் அதை அடித்துச் சொல்லவில்லை. “சொல்றாங்க” என்று நிறுத்திக்கொண்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்குப் போய்விட்டார். அங்கே தோண்டியதில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அது. “உங்க ஊர்ப் பக்கம்தாம்மா” என்று என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

தகடூரை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். கதையில் வரும் ராஜா மாதிரியே அவன் நம் மனதில் தங்கிவிட்டான். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊரில் ஒரு குகையில் தமிழ் பிராமி எழுத்து கண்டுபிடித்தார்கள். ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’. அஞ்சி கொடுத்த படுக்கை என்று பொருள். அசோகர் தன் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்து எழுதிய ‘சதியபுத்திரர்’ யார் என்று ரொம்ப நாளாகப் பிடிபடாமல் இருந்தது. இந்த ஒற்றை வரி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. உரக்கடைக்காரர் அப்போதுதான் முழுசாக விழித்துக்கொண்டு, “அப்ப நெஜமான ஆளா சார் அவரு?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் மனதிலும் அதே கேள்விதான்.

மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில் நுளம்பர் காலத்து வேலை. நுளம்பர்கள் இப்போது ஆந்திராவில் இருக்கும் ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டிருந்த அரசர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மகேந்திர நுளம்பன் காலத்தில் தகடூர் அவர்கள் கைக்கு வந்தது. இங்கே எல்லோரும் பார்க்க வருவது தொங்கும் தூண். முன் மண்டபத்தில் இரண்டு தூண்களின் அடி தரையைத் தொடுவதில்லை. வாத்தியார் செய்தித்தாளைப் பையனிடம் கொடுத்தார். பையன் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்தான். தாள் கொஞ்சம் சிக்கி, சர்ரென்று வந்தது. கன்னத்தைத் தரையில் வைத்து நானும் பார்த்தேன். தூணுக்கும் தரைக்கும் நடுவில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிகிறது. அந்தக் கோட்டில் ஓர் எறும்பு நின்று நிதானமாக அந்தப் பக்கம் போனது. மேலே உத்தரத்தோடு பிடித்துக்கொண்டு நிற்கிறது இத்தனை கல்லும்.

“எல்லாரும் பேப்பர் விட்டுப் பார்த்துட்டுக் கிளம்பிடறாங்க” என்று அலுத்துக்கொண்டே காமாட்சியம்மன் சன்னதிப் பக்கம் நடந்தார் வாத்தியார். அம்மன் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணம் வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. சின்னச் சின்ன உருவங்கள். பிரதட்சணம் செய்கிறவர்களின் முழங்கால் உயரத்தில் இருப்பதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. குத்துக்கால் போட்டு நகர்ந்து நகர்ந்துதான் பார்க்க வேண்டும். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி வில்லைக் கண்டுபிடித்து “ராமர்” என்றாள். இன்னொருத்தி “லட்சுமணராகவும் இருக்கலாமே” என்றாள். இருவரும் வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். பதினோரு ஜோடியில் என்னுடையது மட்டும். கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை விட்டது என்பார்கள். பீடை விட்டதோ இல்லையோ, கடைவீதியை வெறுங்காலோடு பார்த்தேன்.

அங்கே கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. கயிறு, சாக்கு, அலுமினியப் பாத்திரம், ராகி, சாமை, கொள்ளு. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து வாத்தியார் தாமஸ் மன்றோ கதையைச் சொன்னார். 1792இல் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால், அதாவது இந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவக் கேப்டனைக் கலெக்டராகப் போட்டார்கள். அவருக்குக் கீழே உதவியாளராக வந்த மன்றோ 1799 வரை இந்தப் பக்கம்தான் இருந்தார். தர்மபுரியில் தோட்டம் போட்டு அதன்மேல் உயிராக இருந்திருக்கிறார். நடுவில் ஜமீன்தார் யாரும் இல்லாமல் நிலத்தை அளந்து, உழுகிறவன் பேரிலேயே வரியை எழுதும் ரயத்துவாரி முறை இந்த ஊர்களில்தான் உருவானது. பிறகு அவர் சென்னை மாகாண கவர்னர் ஆனார். 1827இல் காலராவில் இறந்தார்.

“உங்க வூட்டு பட்டா இருக்கே, அதோட பாட்டன் இங்கதான் பொறந்தான்” என்றார் வாத்தியார். உரக்கடைக்காரருக்குப் பட்டாவில் ஏதோ பிரச்சினையாம். அதற்கப்புறம் பதினைந்து நிமிடம் உட்பிரிவு, கூட்டுப் பட்டா என்று பேச்சு போய்விட்டது. மன்றோவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய், அதே செருப்புக் கடையில் புதுச் செருப்பு வாங்கினேன்.

இரண்டாம் நாள், ஞாயிறு

இன்று ஏழு பேர்தான். ஓசூர்ப் பையன் இருந்தான், உரக்கடைக்காரரும் வந்துவிட்டார்.

தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் என்ற அருங்காட்சியகம் இந்த ஊரில் இருப்பது எனக்குத் தெரியாது. செத்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களுக்கென்றே இருக்கிற இடம் மாதிரி வரிசையாகக் கற்கள். ஆள் உயரம் ஒன்று, இடுப்பு உயரம் ஒன்று, பாதி உடைந்தது ஒன்று. முதலில் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தது. கல்லில் ஒரு ஆள், கையில் ஆயுதம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

வாத்தியார் ஒரே ஒரு கல்லின் முன் எங்களை நிற்கவைத்துவிட்டார். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம்.

வீரன் ஒரு பக்கமாகத் திரும்பி, முழங்காலை மடக்கிப் பாய்கிறான். ஒரு கையில் வில், மறுகையில் குறுவாள். தலைமுடியைக் கொண்டையாக முடிந்திருக்கிறான். மார்பில் ஒரு அம்பு தைத்திருக்கிறது, தொடையில் இன்னொன்று. செத்துக்கொண்டிருக்கிறவன், ஆனால் கால் முன்னால்தான் போகிறது. காலடியில் சின்னதாக ஒரு கெண்டி, மூக்கு வைத்த செம்பு, பக்கத்தில் ஒரு சிமிழ். கெண்டி கள்ளுக்கு. செத்தவனுக்குப் படைத்தது. பையன் “வாட்டர் பாட்டிலா?” என்று கேட்டான். “அப்படித்தான் வச்சுக்கோ கண்ணு” என்றார்.

தலைக்கு மேலே எழுத்து. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, நமக்குப் புழு நெளிந்த மாதிரி இருக்கும். அவர் சொல்லச் சொல்ல ஒன்றிரண்டு பிடிபட்டன. இந்தக் கற்களில் பெரும்பாலும் ஒரே வாய்ப்பாடுதான். முதலில் ராஜா பெயரும் ஆட்சியாண்டும். ‘கோவிசைய’ என்று ஆரம்பிக்கும். வர்மன் என்பதைப் ‘பருமன்’ என்று எழுதுவார்கள், பல்லவ ராஜா மகேந்திர வர்மனே ‘மயீந்திர பருமன்’ ஆகிவிடுவான். பிறகு ஊர், யாருடைய சேவகன், சண்டை எதற்கு, கடைசியில் அவன் பெயர். முடிவில் ‘பட்டான் கல்’. பட்டான் என்றால் செத்தான். பட்ட மரம் என்கிறோமே, அந்தப் பட்ட.

சண்டை எதற்கு என்பதுதான் என்னை நிறுத்தியது. நாட்டுக்காகவோ ராஜாவுக்காகவோ அல்ல, பாதிக் கல் ‘தொறு’வுக்காக. தொறு என்றால் மாட்டு மந்தை. பக்கத்து ஊர்க்காரன் ராத்திரியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான், இவன் பின்னால் ஓடி மீட்கப் பார்த்துச் சாகிறான். அல்லது மாட்டைத் திருடப் போனவனே செத்துப்போகிறான். அவனுக்கும் கல் உண்டு. புலியைக் குத்திச் செத்தவனுக்குத் தனிக் கல். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறதாம். நாயின் பெயர் கோவிவன். திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று நாய்க்கும் சேர்த்துக் கல்வெட்டு எழுதியிருக்கிறார்கள். அது மகேந்திரவர்மன் காலம். நாயின் பெயரை ஆயிரத்து நானூறு வருடம் கழித்து நாங்கள் ஏழு பேர் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம்.

“அதியமானுக்கும் நடுகல் உண்டு” என்றார் வாத்தியார். எல்லோரும் திரும்பிச் சுற்றிப் பார்த்தோம். “இங்க இல்ல. பாட்டுல.” புறநானூற்றில் 232ஆம் பாட்டு, ஔவை பாடியது. அஞ்சி செத்துப்போய் கல் நட்டாயிற்று. மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தத் துளிக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறாள். நான் உடனே கீழே குனிந்து அந்தக் கெண்டியைத்தான் பார்த்தேன். வாத்தியார் அதற்காகத்தான் எங்களை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

கல்லைப் படியெடுப்பது எப்படி என்று உரக்கடைக்காரர் கேட்டார். கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நனைத்த தாளை மேலே ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பாதி காய்ந்ததும் மசியை ஒற்றி ஒற்றி எடுத்தால் மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். “அது தெரிஞ்சவங்க செய்யறது. நீங்க செய்யக் கூடியது ஒண்ணுதான். டார்ச்ச நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல அடிங்க. வெளிச்சம் சாஞ்சா பள்ளத்துல நிழல் விழும், எழுத்து தானா வரும். சுண்ணாம்பு தடவறது, சாக்பீஸ் போடறது, ஆணியால சொரண்டறது எதுவும் வேண்டாம்.”

பத்தரை மணிக்கு வெயில் ஏறிவிட்டது. டவுன் பஸ் பிடித்து அதியமான்கோட்டை போனோம், சேலம் ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர். காலபைரவர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், சாம்பல் பூசணியில் தீபம் ஏற்ற வரிசை. நாங்கள் போனது சென்றாயப் பெருமாள் கோயிலுக்கு. மண்டபக் கூரையில் ஓவியங்கள், ராமாயணமும் பாரதமும். பல இடங்களில் உதிர்ந்துவிட்டது, காவியும் கறுப்பும்தான் மிஞ்சியிருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். அதியமான் கோட்டம் என்று அரசு கட்டிய நினைவிடமும் இருக்கிறது. வெயிலில் அங்கே நிற்க முடியவில்லை.

மத்தியானம் ராகிக் களியும் கீரைக் கடைசலும். நான்கு உருண்டை என்று வீம்புக்குச் சொல்லிவிட்டு இரண்டோடு நிறுத்தினேன்.

பிரியும்போது வாத்தியார் கேட்டார். “உங்க ஊர்ல வேடியப்பன் கோயில் இருக்கா?”

“இருக்கு சார். ஏரிக்கரையில. எங்க குலசாமி.”

“சாமி எப்படி இருக்கும்?”

சொல்ல வாயெடுத்தேன். கல். மஞ்சள் பூசியிருக்கும், எண்ணெய் பிசுக்கு, பூ, ஒரு வேட்டித் துண்டு சுற்றியிருக்கும். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. மொட்டை போட்டது அங்கே, காது குத்தியது அங்கே.

“நம்ம பக்கம் வேடியப்பன்னு கும்பிடறதுல நிறைய நடுகல்தாம்மா” என்றார். “போய்ப் பாருங்க.”

மூன்றாம் நாள், திங்கள்

இன்று குழு கிடையாது, நான் மட்டும். லீவு ஒரு நாள் இருந்தது. கிருஷ்ணகிரி போய்ப் பழையபேட்டையைப் பார்த்துவிட்டு அங்கிருந்து ஊருக்குப் போகலாம் என்று கிளம்பினேன்.

பழையபேட்டை மலைக்கோட்டையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தெருவில் எங்கே நின்று நிமிர்ந்தாலும் பாறை. நடந்த ஒரு தெருவுக்குள்ளேயே தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம் நான்கும் காதில் விழுந்தது. 1791இல் கம்பெனிப் படை வந்து கீழே பேட்டையைப் பிடித்துவிட்டது, ஆனால் மேல்கோட்டையை ஏறிப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனது. பாறையைப் பார்த்தால் ஏன் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். உச்சியில் சையது பாஷா தர்கா. அதனால் ஊர்க்காரர்களுக்கு இது சையது பாஷா மலை. ஏறுவதாக இருந்தேன். புதுச் செருப்பு இரண்டு குதிகாலையும் கடித்து வைத்திருந்தது. ஏறவில்லை.

ஏறாததில் ஒரு லாபம். இது புளி சீசன். ஒரு மண்டியின் கதவு திறந்திருந்தது, உள்ளே ஏழெட்டுப் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். தரையில் கல், கையில் சின்னக் கட்டை. ஒரு பழத்தை வைத்து ஒரே தட்டு, கொட்டை வெளியே தெறிக்கிறது, விரல் நாரை உருவுகிறது, புளி ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். பேச்சு நிற்கவில்லை, கண் கையைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்றாலே பல் கூசியது. ஒரு அக்கா நிமிர்ந்து, “என்னா வேணும்?” என்றார். சும்மா பார்க்கிறேன் என்றேன். “பாக்க என்னா இருக்கு இதுல, வா, வந்து ரெண்டு தட்டு” என்று கட்டையை நீட்டினார். தட்டினேன். மூன்றாவது பழத்தில் கட்டை விரலைத் தட்டிக்கொண்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு கை நிறையப் புளி கொடுத்து அனுப்பினார்கள்.

ஊர் போய்ச் சேர நான்கு மணி. பெரியம்மா வீட்டில் பையைப் போட்டுவிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து ஏரிக்கரைக்குப் போகும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் வேடியப்பன். வெள்ளிக்கிழமை போட்ட மாலை காய்ந்து கிடந்தது. செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு, முதலில் கும்பிட்டேன். பிறகு போன் டார்ச்சைப் போட்டு, கல்லுக்குப் பக்கவாட்டில், தரையோடு ஒட்டி வைத்தேன்.

நேராக அடித்தபோது வெறும் மஞ்சள் கல்லாக இருந்தது. சாய்த்ததும் ஆள் வந்துவிட்டான். மடக்கிய முழங்கால். இடது கையில் வளைந்து ஏதோ, வில்லாகத்தான் இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே துண்டு மறைத்தது, அதை நான் தொடவில்லை. துண்டின் ஓரத்துக்கு அடியில், வலது கால் பக்கம், கட்டை விரல் உயரத்தில் உருண்டையாக ஒன்று. மூக்கு மாதிரி ஒரு நீட்டல். கெண்டி. முப்பத்தெட்டு வருடமாக இங்கே பொங்கல் வைக்கிறோம், தலைமுறை தலைமுறையாகச் சாராய பாட்டிலும் சுருட்டும் படைக்கிறார்கள். அவன் காலடியில் ஏற்கெனவே ஒன்று இருந்திருக்கிறது.

தலைக்கு மேலே எண்ணெய் கெட்டியாகப் படிந்திருந்தது. இரண்டு வரி மாதிரி தெரிந்தது. எழுத்தா, கல்லின் கீறலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான்கைந்து கோணத்தில் போட்டோ எடுத்து வாத்தியாருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “எண்ணெயைத் துடைக்க வேண்டாம்மா. பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, சாமிக்கு அபிஷேகம் செய்கிற அன்றைக்கு இன்னொரு படம் அனுப்புங்கள். நான் வருகிறேன்.”

பின்னால் கொலுசு சத்தம். பெரியம்மா தூக்குப் போசியோடு தேடி வந்திருந்தது.

“என்னா பாப்பா, சாமிக்கு டார்ச் அடிச்சிக்கிட்டு இருக்கற?”

“பேரு ஏதாவது எழுதியிருக்கான்னு பாக்கறேன் பெரியம்மா.”

“வேடியப்பன்தான். வேற என்னா பேரு இருக்கும்” என்று சொல்லி, கீழே கிடந்த திருநீற்றைக் கிள்ளி என் நெற்றியில் வைத்தது.